தப்பும் தந்தியும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரில் பேசும்படி அழைத்தபோது, மலையகச் சிறுகதைகளைப் பற்றியோ தோட்டப்புற நாட்டார் பாடல்களைப் பற்றியோ நான் பேசுவேன் என்று நிலையத்தார் எதிர்பார்த்திருக்கக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்று விலகியது. ஆனால் முடிவில் அது இலக்கியத்தின் வாசலுக்கே வந்து சேரும் என்று நம்புகிறேன்.

வானொலியைப் பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காகக் கையாளுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அமெச்சூர் வானொலியாளர் என்று அவர்களைச் சொல்வார்கள். வீட்டிலே ஓர் ஒலிபரப்பும் கருவி, கூரைக்கு மேலே ஒரு கம்பி, அரசாங்கம் தந்த ஓர் அழைப்புக்குறி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு கடல் கடந்து பேசிக்கொள்வார்கள். நமது நாட்டவரின் அழைப்புக்குறி ஒருகாலத்தில் வீ, எஸ், ஏழு என்று தொடங்கியது. பிற்காலத்தில் நான்கு, எஸ், ஏழு என்றாயிற்று. இவர்களுக்குள்ளே பல்லாண்டுகளாக ஒரு வழக்கு நடந்தது. உரிமம் கேட்டு வருகிறவருக்கு மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டுமா, வேண்டாமா? குற்றும் நெடிலுமாகத் தட்டி எழுத்தைச் சொல்கிற அந்தப் பழைய தந்தி மொழியில் பரீட்சை வைக்கத்தான் வேண்டுமா? வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏதோ தொழில்நுட்பச் சச்சரவு. எனக்கு அது என் தாத்தாவின் கதை.

நான் பிறந்தது கேகாலை மாவட்டத்திலே, யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். தாத்தா பால் வெட்டுகிறவர். அதோடு தோட்டத்துக்குத் தப்படிக்கிறவர். விடியற்காலை பெரட்டுக்கு ஆட்களை எழுப்புவதற்கு ஓர் அடி. சாவு வீட்டுக்கு வேறோர் அடி. மாசி மாதம் காமன் கூத்துக்கு இன்னோர் அடி. ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய நீண்ட சிம்பு. தடித்த குச்சி 'தொம்' என்று நின்று ஒலிக்கும். சிம்பு 'டக்' என்று தெறித்து மறையும். அந்த இரண்டு ஒலிகளாலேயே ஒரு மலைக்கு இருக்கிற செய்தியை எதிர்மலைக்குச் சொல்லிவிடுவார்கள். எழுத்து வாசனை அறியாத தாத்தா, தூரத்துத் தோட்டத்துச் சாவுத் தப்பை வாசலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "வயசாளி இல்ல, சின்ன உசிரு" என்று சொல்லுவார். மறுநாள் விசாரித்தால் அப்படியே இருக்கும். சி.வி. வேலுப்பிள்ளை அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையிலும் விடியலை அதிர வைக்கும் அந்த முழக்கம் ஒலிப்பதை வாசித்தவர்கள் அறிவார்கள்.

இதில் பெருமை மட்டும் இருந்ததாக நான் சொல்லமாட்டேன். தப்படிப்பது தாத்தா விரும்பி எடுத்த வேலையல்ல. குறிப்பிட்ட சில குடும்பங்களின் தலையிலே சாதி ஏற்றிவைத்த வேலை அது. காய்ச்சலாகக் கிடந்தாலும் கூப்பிட்டால் போக வேண்டும். அடித்து முடித்தபின் தள்ளி நிற்க வேண்டும். அதனால்தான் என் அப்பா தப்பைத் தொடவே இல்லை. தோட்டத்துத் தபால்காரராகப் போனார். லயத்துக் கூரையில் புகை படிந்து தொங்கிய தப்பைக் காட்டி, "அது நம்மளப் புடிச்ச பீடை" என்பார்.

பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அப்பாவோடு நானும் தபால் பையைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துத் தபால் கந்தோருக்குப் போவேன். அங்கே ஜன்னலோரத்தில் ஒரு சிங்களத் தந்தி மாத்தயா இருந்தார். அவர் மேசையில் இருந்த பித்தளைக் கருவி 'கட்டுக் கட்டு' என்று பேசும். சத்தம் பெரிதாகக் கேட்பதற்காக அதற்குப் பின்னால் ஒரு வெற்றுச் சிகரெட் தகரத்தைச் செருகி வைத்திருப்பார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து முதலில் முறைத்தார். பிறகு ஒருநாள் தந்திக் கடதாசியின் பின்புறத்தில் ஆங்கில எழுத்துகளையும் அவற்றின் குறிகளையும் எழுதிக் கொடுத்தார். 'ஈ' என்றால் ஒரே ஒரு குற்று. 'டி' என்ற எழுத்து ஒரே ஒரு நெடில். நெடில் என்பது மூன்று குற்றின் நீளம். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஏழு குற்றின் நேரம் மௌனம். "எண்ணாதே, கேள்" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன ஒரே பாடம். அது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. தப்புச் சத்தத்தில் வளர்ந்த காதல்லவா?

1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது நான் சிறுபிள்ளை. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று எங்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். எங்கள் குடும்பமும் அந்தக் கணக்கிலே பிரிந்தது. சித்தப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். தாத்தாவும் அவரோடு 1971இல் தலைமன்னார் வழியாகத் துறையூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார். தப்பை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். அங்கே அவரை யாரும் அதை அடிக்கச் சொல்ல முடியாது என்று நினைத்தாரோ என்னவோ.

அடுத்த ஆண்டு ஒரு சனிக்கிழமை. அப்பா கடைத்தெருவுக்குப் போயிருந்தார். நான் வழக்கம்போல ஜன்னலடியில் நின்றேன். கருவி பேசத் தொடங்கியது. எழுத்தெழுத்தாக என் அப்பாவின் பெயர் வந்தது. பிறகு எங்கள் தோட்டத்தின் பெயர். பிறகு 'தகப்பனார்' என்பதற்கான ஆங்கிலச் சொல். அடுத்த சொல் 'ஈ' என்று ஒரு குற்றிலே தொடங்கி, உடனே நெடில், குற்று, குற்று, நெடில் என்று வந்தது. அது 'எக்ஸ்'. தந்தியிலே எக்ஸ் என்ற எழுத்து அபூர்வமாகத்தான் வரும். வந்தால் பெரும்பாலும் ஒரேயொரு சொல்லுக்காகத்தான் வரும். 'எக்ஸ்பயர்ட்.' மீதி எழுத்துகளைக் கேட்க எனக்குத் தேவை இருக்கவில்லை.

மாத்தயா எழுதி முடித்து நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் வாசித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தந்தி யாருக்கு வந்ததோ அவரிடம் ஒப்படைக்கும்வரை வெளியிடக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே கூப்பிட்டு ஒரு முக்காலியில் உட்காரவைத்து, தன் போத்தலில் இருந்த வெறுந்தேநீரை மூடியிலே ஊற்றிக் கொடுத்தார். அப்பா வரும்வரை ஒரு மணி நேரம் அந்தச் செய்தியை நானும் அவரும் மட்டும் வைத்திருந்தோம். எனக்கு அப்போது பதினான்கு வயது.

அன்று இரவு எங்கள் லயத்தில் பிணம் இல்லாத சாவு வீடு. தப்படித்தவனின் சாவுக்குத் தப்படிக்க யாரும் இல்லை. சொல்லியனுப்ப அப்பாவுக்கு மனமில்லை. பத்து மணிக்கு மேல் அவரே கூரையிலிருந்து தப்பை இறக்கினார். வைக்கோல் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். வாசலில் நின்று அடித்தார். வாழ்நாளில் தொடாதவருக்கு அந்த அடி பிசகாமல் தெரிந்திருந்தது. எதிர்மலையில் லாம்பு வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எழும்பின.

நேயர்களே, இதை ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன்.

1980 அளவில் மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் ஓர் ஆங்கில வானொலிச் சஞ்சிகை கிடைத்தது. அதிலேதான் அமெச்சூர் வானொலியைப் பற்றி முதலில் அறிந்தேன். 30 மெகாஹேர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட சிற்றலைகளில், அதாவது உலகைச் சுற்றிவரக்கூடிய அலைகளில் ஒலிபரப்ப வேண்டுமானால் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்பது அன்றைய சர்வதேச விதி. காரணம் எளியது. அந்த அலைகளில் கப்பல்களும் கரையோர நிலையங்களும் மோர்ஸில் பேசின. "விலகு, இங்கே ஆபத்துச் செய்தி போகிறது" என்று அவர்கள் தட்டினால் பொழுதுபோக்குக்காரருக்கு அது விளங்க வேண்டும். பிரித்தானியாவில் நிமிடத்துக்கு 12 சொற்கள் கேட்டார்கள். மோர்ஸ் தெரியாதவர்களுக்கு மேலே உள்ள குறுந்தூர அலைகள் மட்டுமே. அமெரிக்காவில் 5, 13, 20 சொற்கள் என்று வகுப்பு வகுப்பாகப் படிகள் இருந்தன. ஏற ஏற அதிகமான அலைவரிசை கிடைக்கும். ஆக, மோர்ஸ் என்பது பரீட்சை மட்டுமல்ல, வானத்தைப் பங்கு போடுகிற அளவுகோலாகவும் இருந்தது.

12 சொற்கள் எனக்குப் பெரிய காரியமல்ல. ஆசையோடு ஒரு கந்தோரில் விசாரிக்கப் போனேன். காதைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. பிரசாவுரிமைப் பத்திரம் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவராக்கியவர்களில் நாங்களும் இருந்தோம். அப்பா கொடுத்த விண்ணப்பம் எங்கேயோ அடுக்கில் கிடந்தது. மறு ஆண்டு ஆவணியில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைத் தோட்டங்களில் எங்கள் சனங்களின் லயங்கள் எரிந்தன. 1983இல் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னர் எனக்குப் பத்திரம் கிடைத்தது. ஆனால் யுத்த காலத்தில் கம்பியும் தட்டும் சாவியும் வைத்திருக்கிற தமிழ் வாலிபனை எந்தச் சோதனைச்சாவடி சும்மா விடும்? மாத்தயா எழுதித் தந்த கடதாசியைக்கூட அம்மா அடுப்பில் போட்டுவிட்டாள்.

ஆகவே நான் கேட்கிறவனாகவே இருந்துவிட்டேன். சாதாரண ரேடியோவில் மோர்ஸ் சரியாகக் கேட்காது. மூச்சு விடுவதுபோலப் 'புஸ் புஸ்' என்று வரும். பக்கத்தில் இன்னொரு ரேடியோவை வைத்து அதன் முள்ளை மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் இரண்டும் கலந்து புல்லாங்குழல் போலச் சுரம் பிறக்கும். இரவில் அப்படித்தான் கேட்பேன். 7 மெகாஹேர்ட்ஸ் பக்கம் அமெச்சூர்களுக்கு எங்கள் பிராந்தியத்தில் நூறு கிலோஹேர்ட்ஸ்தான் இடம். அதற்கு அப்பால் உடனே பெரிய நாடுகளின் ஒலிபரப்பு நிலையங்கள் இடிமுழக்கம் போட்டுக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கண்டத்தில் அதே இடத்தில் முந்நூறு. பேர்ச் கணக்கில் காணி கேட்டு அலைகிற எங்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வு புதிதாகவா இருக்கும்?

2003ஆம் ஆண்டு ஜெனீவாவிலே உலக வானொலித் தொடர்பு மாநாடு கூடியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1999 பெப்ரவரியோடு, கப்பல்களின் ஆபத்துத் தொடர்பில் மோர்ஸின் கட்டாயம் முடிந்துவிட்டது. கப்பலே கைவிட்ட மொழியைக் கரையில் இருப்பவனிடம் ஏன் கேட்பது? மாநாடு இரண்டு முடிவுகளை எடுத்தது. மோர்ஸ் பரீட்சை வைப்பதும் விடுவதும் அந்தந்த நாட்டின் விருப்பம் என்பது ஒன்று. 7.1 முதல் 7.2 வரையுள்ள இடத்தை ஒலிபரப்பு நிலையங்கள் எங்கள் பிராந்தியத்திலும் 2009 மார்ச் 29க்குள் விட்டுவிட வேண்டும், அது அமெச்சூர்களுக்கு என்பது மற்றொன்று. பிரித்தானியா அந்த ஆண்டே பரீட்சையை நீக்கியது. அமெரிக்கா 2000இல் எல்லா வகுப்புக்கும் 5 சொற்களாகக் குறைத்து, 2007 பெப்ரவரி 23இல் முற்றாக விட்டது.

அதே 2003ஆம் ஆண்டில்தான் கொழும்பிலே, எஞ்சியிருந்த இந்திய வம்சாவளி மக்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது. இரண்டு கதவுகள் ஒரே ஆண்டில் திறந்தன. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. என் மனதில் மட்டும் அவை பக்கத்துப் பக்கத்துக் கதவுகள்.

பரீட்சையை வைத்திருக்க வேண்டும் என்றவர்கள் சொன்னதிலே நியாயம் இல்லாமலில்லை. ஒரு குரல் செல்வதற்கு ஏறத்தாழ 2,500 ஹேர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 போதும். ஒரு குரல் பிடிக்கும் இடத்திலே பத்துப் பன்னிரண்டு பேர் தட்டிப் பேசலாம். குரல் புரியாத தூரத்திலும் அந்தச் சுரம் கேட்கும். நாலைந்து உதிரிப் பாகங்களில் ஓர் ஏழைப் பையன் கருவி செய்துவிடலாம். உழைத்துக் கற்றவனுக்கு அந்த இடத்தின் அருமை தெரியும் என்றும் சொன்னார்கள். வேண்டாம் என்றவர்களிடமும் நியாயம் இருந்தது. காது கேளாதவர் என்ன செய்வார்? நாற்பது வயதில் ஆசை வந்தவர் என்ன செய்வார்? அறிவுக்கு வைக்கிற சோதனை ஆளை வடிகட்டுகிற சல்லடையாகிவிடுகிறதே என்றார்கள்.

நான் எந்தப் பக்கம்? மோர்ஸ் பரீட்சையில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அது என்னிடம் கேட்டிருக்கக்கூடியது காதைத்தான். என் பாட்டனார் எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்டிராது. கற்றுக்கொள்ளக்கூடிய ஒன்றைக் கேட்கிற வாசல், பிறப்பைக் கேட்கிற வாசலைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அந்தப் பரீட்சை போனது சரி என்றே நினைக்கிறேன். அதற்குக் காரணம் என் அப்பா. தப்பு கட்டாயமாக இருந்தவரையில் அவர் அதை வெறுத்தார். யாரும் கேட்காத ஓர் இரவில்தான் அது அவருடையதாயிற்று.

மோர்ஸுக்கும் அப்படித்தான் நடந்தது. பரீட்சை போனதும் அது செத்துவிடும் என்று பயந்தார்கள். சாகவில்லை. இன்றும் இரவில் 7 மெகாஹேர்ட்ஸின் கீழ்ப்புறத்தைத் திருப்பினால் அந்தச் சுரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கேட்கின்றன. தட்டுகிறவர்களில் பலர் பரீட்சைக்காகப் படிக்காதவர்கள். 2017இல் வந்த எஃப்-டி-எட்டு என்ற கணினி முறையும் இப்போது அங்கே குடியேறிவிட்டது. அதை ஆக்கிய இருவரில் ஒருவர் பௌதிகத்தில் நோபல் பரிசு பெற்ற ஜோசப் டெய்லர். வழக்கு மோர்ஸுக்கும் குரலுக்கும் என்பது போய் மனிதனுக்கும் கணினிக்கும் என்று மாறியிருக்கிறது. எல்லைச் சண்டை இல்லாத காணி எங்கே இருக்கிறது?

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்று கேட்பீர்கள். 2004 டிசம்பர் சுனாமியில் அம்பாந்தோட்டையின் தொடர்புகள் அறுந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர்கள் சிற்றலைக் கருவிகளைக் கொண்டுபோய் அந்த ஊரைக் கொழும்போடு பேசவைத்தார்கள். அதே நாட்களில் அந்தமானின் போர்ட் பிளேயரில், வேறு காரியமாகப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற அம்மையார் தன் நிலையத்தின் வழியே உறவினர்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். 2016 மே 17இல் எங்கள் மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தது. புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்திலும் மண் இறங்கி லயத்தை மூடியது. அன்று எங்கள் மலையில் கைப்பேசி வெறும் கண்ணாடித் துண்டு. எங்கள் பள்ளத்தாக்குகளில் நேர்கோட்டில் போகிற அலை மலையில் முட்டி நின்றுவிடும். 7 மெகாஹேர்ட்ஸ் அலையோ பகலில் நேரே மேலே போய் வானத்து மின்படலத்தில் பட்டு அடுத்த பள்ளத்தாக்கிலே மழையாய் இறங்கும். ஒரு தோட்டத்துக்கு ஒரு பிள்ளை அதைக் கையாளத் தெரிந்திருந்தால் என்ற நினைப்பு அன்றிலிருந்து என்னை விடவில்லை.

இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து ஒன்றை நினைவூட்டுகிறேன். நமது வானொலியே ஒரு தந்திக் கந்தோரில் பிறந்த பிள்ளை. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு கருவி அமைத்து, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையிலிருந்து சோதனை ஒலிபரப்பு நடத்தினார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. குற்றும் நெடிலும் கேட்ட காதுகள்தான் குரலை வரவேற்றன.

நான் இப்போது இரத்தினபுரிப் பக்கம் மகளோடு இருக்கிறேன். பேத்தி படிக்கும் பாடசாலையில் தமிழ்த்தினப் போட்டிக்காகப் பிள்ளைகள் தப்புப் பழகுகிறார்கள். பெண்பிள்ளைகள்தான் முன்வரிசை. எந்தக் குடும்பம் என்று யாரும் கேட்பதில்லை. தாத்தாவின் தப்பு இப்போது அவள் கையில். போன வாரம் அவளிடம் சொன்னேன்: "தடித்த குச்சி நெடில், சிம்பு குற்று. உன் பேரை இதிலே அடிச்சுக் காட்டவா?" அடித்துக் காட்டினேன். அவள் இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் பிசகாமல் திருப்பி அடித்தாள். பிறகு நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"தாத்தா, இது பரீட்சைக்கு வருமா?"

"வராதும்மா."

"அப்ப அடுத்த எழுத்தச் சொல்லுங்க."